ஜிப்பக்கா தைத்த உறைகள்

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்ற எல்லோருக்கும் அவர் ஜிப்பக்கா. பேன்ட், மழைக்கோட்டு, பயணப்பை என்று எதில் ஜிப் மக்கர் செய்தாலும் மாடிப்படி ஏறி அவரிடம் கொடுத்துவிட்டு வருவோம். "வாய்ல பல்லு ஆடுனா டாக்டர்கிட்ட போங்க, ஜிப்புல பல்லு ஆடுனா எங்கிட்ட வாங்க" என்பார். பேன்ட் காலை மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது, நைந்த காலரைத் திருப்பிப் போடுவது என்று மற்ற வேலைகளும் உண்டு. ஆனால் பெயர் ஜிப்பில்தான் மாட்டிக்கொண்டது.

நான் அவருக்கு நேர் கீழ்வீட்டில் பதினோரு வருடம் குடியிருந்தேன். அவருடைய தையல் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. அது ஓடும்போது என் வீட்டுக் கூரை லேசாக அதிரும். அதிர்ந்தால் அக்கா வீட்டில் இருக்கிறார், அதிராவிட்டால் வெளியே போயிருக்கிறார். அன்றைக்கு அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் பின்னால் அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவருடைய கணவர் தெருமுனையில் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலிகள், ஒன்று அவருக்கு, இன்னொன்று கூட்டாளிக்கு. சலூன்காரர் பெரிய பேச்சுக்காரர். முடி வெட்டப் பத்து நிமிடம் என்றால் எடுத்த கதை முடிய அரை மணி ஆகும். அவரிடம் தலையைக் கொடுக்கிறவன் காதையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கேலி செய்வோம். ஒரே மகள், வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்தாள். ஆகவே கடையில் மிச்சமான பேச்சையெல்லாம் வீட்டில் அக்கா ஒருவரே கேட்டு முடிக்க வேண்டியிருந்தது.

தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்பது சலூன்காரருக்கு ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது. ரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று தானாகவே முடிவு கட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். அத்தனை பேசுகிறவர் இதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பேன்ட் இடுப்பு தொளதொளத்தபோது அக்கா இரண்டு தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவர் பேன்ட்டோடு வந்து நின்றதும், அக்கா கையில் அளவு டேப்புடன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னங்க, நாலு மாசத்துல நாலு இஞ்ச் போயிருக்கு."

"நல்லதுதானே. தொப்பை கொறைஞ்சிருக்கு."

"தொப்பை கொறையல. நீங்க கொறைஞ்சிருக்கீங்க."

மறுநாளே பிடித்த பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். கீழ்க்குடலில் கட்டி. பொல்லாத கட்டி. முதலில் சில வாரங்கள் கதிர்வீச்சு வைத்தார்கள். பிறகு அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். மேலே மிச்சமிருந்த குடலின் நுனியை இடது வயிற்றில் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து, அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒன்றை ஒட்டினார்கள். இனி எல்லாம் அந்தப் பையில்தான் வந்து சேரும். நிறைந்ததும் அடிவாயைத் திறந்து காலி செய்ய வேண்டும்.

"மூணு மாசம் போகட்டும். உள்ள நல்லா ஆறியிருந்தா, முடிஞ்சா, மறுபடி சேத்து வைக்கலாம்" என்றார் பெரிய டாக்டர்.

'மூணு மாசம்' சலூன்காரரின் காதில் விழுந்தது. 'முடிஞ்சா' விழவில்லை.

பையை மாற்றும் விதத்தை ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இந்த வேலைக்கென்றே இருந்த நர்ஸ் அவள். பழையதை நோகாமல் உரித்தெடுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து ஈரம் போக ஒற்ற வேண்டும். பையின் ஒட்டும் தகட்டில் துளையை அளந்து வெட்ட வேண்டும். துளை பெரிதானால் சுற்றுத் தோல் வெந்துபோகும். சிறிதானால் குடலை இறுக்கும். அக்கா முதல் தடவையே கச்சிதமாக வெட்டினார்.

"கத்திரி பிடிச்ச கைதான்போல" என்றாள் நர்ஸ்.

"அதுலதான்மா சோறு" என்றார் அக்கா.

வெளியே தெரிந்த குடல் உதட்டின் உட்புறம்போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துப் பழகிவிட்டார். சலூன்காரர் பார்க்கவே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றும்போதும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அதற்கு அவர் ஒரு பெயரும் வைக்கவில்லை. "அத மாத்தணுமா?" "அது நெறைஞ்சுடுச்சா?" என்று 'அது' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

கோடை வந்தது. பிளாஸ்டிக் வயிற்றில் ஒட்டிக்கொண்டு வேர்த்தது. பை படும் இடமெல்லாம் பொரிப்பொரியாகக் கிளம்பியது. பிளாஸ்டிக் வழியாக உள்ளே இருப்பதும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு மத்தியானம் அக்கா பழைய பருத்தி வேட்டித் துணி ஒன்றை எடுத்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த துணி. பையைக் காகிதத்தில் வைத்து வரைந்து, சுற்றிலும் அரை இஞ்ச் விட்டு வெட்டி, பின்பக்கம் தகட்டுக்காக வட்டத் துளையும், கழற்றாமலே காலி செய்ய அடியில் திறப்பும் வைத்து ஓர் உறை தைத்தார். அரை மணி நேர வேலை. போய்க் கையில் கொடுத்தார்.

சலூன்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இது?"

"அதுக்கு உறை. மேலுக்கு ஒட்டாது. வேர்வையும் இழுத்துக்கும்."

"மூணு மாசத்துக்கு எதுக்கு உறை? தங்க வந்தவனுக்குத்தான் பாய் தலகாணியெல்லாம். இது போகப் போறது."

மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அக்கா வற்புறுத்தவில்லை. எடுத்து அலமாரியில் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து சலூன்காரர் கடைக்குப் போனார். வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றார். ஆனால் சலூன் வேலையில் ஒரு சங்கடம் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் காது, நின்று வெட்டுகிறவரின் வயிற்றுக்கு நேராக இருக்கும். குனியும்போதெல்லாம் சட்டைக்குள் பிளாஸ்டிக் சரசரத்தது. மூன்றாம் நாள் வாடிக்கையாளர் ஒருவர் முகம் முழுக்க சோப்பு நுரையோடு கண்ணை மூடியபடியே கேட்டார்: "என்னண்ணே, பாக்கெட்டுல என்ன பொட்டலம்? எங்களுக்கும் குடுக்கிறது!"

அவர் நல்ல மனுஷர். சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பையில் காற்றும் சேர்ந்து, சட்டைப் பொத்தானை முட்டிக்கொண்டு உப்பிவிட்டது. வாசமும் வருவதாக சலூன்காரருக்குத் தோன்றியது. வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பாதிக் கன்னம் மழித்த நிலையில் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, வெளியே நடந்தார். மீதிக் கன்னத்தைக் கூட்டாளிதான் மழித்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு சலூன்காரர் கடைப் பக்கம் போகவில்லை. "சேத்து வச்சப்புறம் போய்க்கலாம்" என்றார். சாப்பாட்டைக் குறைத்தார்; சாப்பிட்டால்தானே அது நிறையும். பேச்சும் குறைந்தது. கூட்டாளி பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கிடப்பார். மூன்று மாதம் ஐந்து மாதமானது, ஐந்து எட்டானது. டாக்டர்கள் படம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றார்கள்.

ஒன்பதாம் மாதம் இளம் டாக்டர் ஒருத்தி கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். "கதிர் வச்ச இடம் சரியா ஆறலைங்க. சேத்தா பிரிஞ்சு உள்ளயே கசியும், உசுருக்கே ஆபத்து. இது நிரந்தரம்னே வச்சுக்கங்க. பழகிடும்." சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் சலூன்காரர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றே வந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கேட்டார்:

"அந்த உறை ஒண்ணு தைச்சியே, இருக்கா?"

"இருக்கு."

"வெள்ளை வேணாம். கறுப்புல தைச்சுக் குடு. ரெண்டு மூணா தைச்சுடு. தொவைக்க மாத்த வேணும்ல."

இந்த வார்த்தைக்காகத்தான் அக்கா இத்தனை மாதம் காத்திருந்தார். பொரி ஆறாமல் அவர் சொறிந்துகொண்டிருந்த ஒவ்வொரு நாளும், இந்த மனுஷன் அதைப் போட்டுக்கொள்ள மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறார். இப்போது அவரே கேட்டதும் அக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. உறை வேண்டும் என்று அவர் கேட்டதற்கு வேறு அர்த்தமே கிடையாது. குடலைச் சேர்த்து வைப்பார்கள் என்ற நம்பிக்கையை அவர் விட்டுவிட்டார்.

மெஷினில் உட்கார்ந்து கறுப்புத் துணியை ஓட்டினார். பாபினில் அடிநூல் தீர்ந்தால் மெஷின் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறவர், அன்றைக்கு ஒரு பக்கம் முழுக்க நூலில்லாமல் ஓட்டியிருக்கிறார். தூக்கிப் பார்த்தால் இரண்டு துணியும் தனித்தனியாக வந்தன. "என் வாழ்நாள்ல அவ்ளோ மோசமா எதையும் தைச்சதில்ல" என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் பிரித்து ஒழுங்காகத் தைத்தார். மேலே கறுப்பு, உள்ளே மெல்லிய பருத்தி, நடுவில் சத்தத்தை அமுக்க ஒரு ஃபிளானல் துணி. பிறகு சமையலறை நாற்காலியைக் கூடத்தில் போட்டுத் தானே உட்கார்ந்தார்.

"எனக்கு முடி வெட்டற மாதிரி குனிங்க."

சலூன்காரர் வெறுங்கையால் கத்திரி பிடிப்பதுபோல் பாவனை செய்து, அக்காவின் காதுப் பக்கம் குனிந்தார்.

"கேக்குதா?"

"இல்ல. இந்தப் பக்கம் வாங்க."

இடம், வலம், பின்பக்கம் என்று மூன்று சுற்று வந்தார்.

"நெசமாவே கேக்கலியா?"

"ஒண்ணுமே கேக்கல."

லேசாகக் கேட்டது. உற்றுக் கேட்டால் மட்டும் கேட்கிற அளவுக்குக் கேட்டது. அக்கா அதைச் சொல்லவில்லை. அடுத்த உறையில் ஃபிளானலை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தார்.

சலூன்காரர் மறுபடி கடைக்குப் போனார், அரை நாள் மட்டும். முன்புபோல் கதை சொல்லவில்லை. நானே அவரிடம் முடி வெட்டிக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுந்து வரும்போது ஏதோ பாக்கி இருப்பதுபோல் இருந்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் உறையைப் பார்த்தாள். உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மாதிரி தைச்சுத் தருவீங்களா? கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டே நெறைய பேர் இருக்காங்க" என்றாள். துணியும் அவளே கொண்டுவருவதாகச் சொன்னாள்.

அப்படித்தான் சீட்டுகள் வர ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமைதோறும் நர்ஸ் வேலை முடிந்து போகிற வழியில் கொண்டுவருவாள். சீட்டில் பெயர் இருக்காது. பை நீளம், அகலம், துளை அளவு, இடமா வலமா, கீழே ஒரு வரி. 'இறுக்கமான சட்டை போடுபவர்.' 'நிறம் எதுவானாலும் சரி.' 'குழந்தை பார்த்து பயப்படாமல் இருக்க வேண்டும்.' கடைசியாகச் சொன்னதற்கு அக்கா மீன் படம் போட்ட துணி வைத்துத் தைத்தார். நூல் பிசிறுகளைச் சலூன்காரர்தான் வெட்டிக் கொடுப்பார், கடைக் கத்திரியாலேயே. சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, "இவன் ஒல்லிப்பிச்சான். இது யாரோ பெரிய எடம், தொப்பை இருக்கு" என்று ஜோசியம் சொல்வார். அந்த வீட்டில் அப்போது கேட்ட சிரிப்பு அவ்வளவுதான்.

ஒருத்தி மட்டும் சீட்டு அனுப்பாமல் நேரில் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். ஏதோ அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. சலூன்காரர் கடைக்குப் போயிருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"அழகா வேணும்க்கா. லேஸ் வச்சு, பட்டு மாதிரி மினுமினுன்னு."

"சட்டைக்குள்ளதானேமா இருக்கப் போகுது?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஆபரேஷனுக்கப்புறம் அவரு கூடத்துலதான் படுக்கறாரு. ஆறு மாசமாச்சு. ஒரு தடவ கண்ணுல பட்டுடுச்சு, அன்னிலேருந்து."

அக்கா அளவு எடுத்தார். கைவசம் இருந்த துணியிலேயே மிருதுவானதை எடுத்து, இளநீலத்தில், ஓரம் முழுக்கக் கையாலேயே லேஸ் வைத்து நான்கு நாள் தைத்தார். மெஷின் சத்தமே இல்லாமல் அந்த வாரம் போனது எனக்கு நினைவிருக்கிறது. அவர் தைத்ததிலேயே அழகான உறை அதுதான்.

மூன்று வாரம் கழித்து அவள் திரும்ப வந்தாள். உறையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"வேற யாருக்காவது குடுத்துடுங்கக்கா."

"சரியா உக்காரலியா? எங்க பிடிக்குதுன்னு சொல்லு, சரி பண்ணித் தரேன்."

"நல்லாத்தான் உக்காந்துச்சு." பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, "அவரு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாரு" என்றாள்.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. டீ போட்டுக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அது அவள் அளவுக்கு வெட்டியது. அவள் போன பிறகு அக்கா அந்த லேஸைப் பிரித்தெடுக்க உட்கார்ந்து, பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

இரண்டாம் வருட முடிவில் சலூன்காரருக்கு நோய் ஈரலுக்குப் போனது. இந்தத் தடவை யாரும் மாதக் கணக்கு சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. வீட்டிலேயே இருந்தார். மஞ்சளாகிப்போனார். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் பையை முதல்முதலாகப் பார்த்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். சலூன்காரர் அவள் கையைத் தட்டிக் கொடுத்து, "நான் ரெண்டு வருஷமா பாக்கல. நீ ஒரே நாள்ல பாக்கணுமா?" என்றார்.

கடைசியில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வார்டில், பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரத்தில் அவர் மூச்சு நின்றது.

உடம்பைத் துடைத்து உடுத்துவதற்கு ஆயா ஒருத்தி வந்தாள். சட்டையைக் கழற்றியதும் கறுப்பு உறை தெரிந்தது. "இத அப்படியே விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"விட்டுடுங்க. அம்மா தைச்சது. அப்பாவோடயே போகட்டும்" என்றாள் மகள்.

"வேணாம்" என்றார் அக்கா. "எடுத்துடலாம்."

"ஏம்மா?"

"உங்கப்பாவுக்கு அது புடிச்சதே இல்ல. வேற வழியில்லாம போட்டுக்கிட்டாரு."

அவரே உறையைக் கழற்றினார். அவரே பையை நோகாமல் உரித்தெடுத்தார். நோவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கை அப்படித்தான் வேலை செய்தது. சுத்தமாகத் துடைத்து, பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினார். சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டியபோது வயிறு எந்தப் பக்கமும் துருத்தாமல் சமமாக இருந்தது. அதை அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மகள் அக்காவைத் தன்னோடு அழைத்துப் போனாள். அங்கே தனி அறை, ஜன்னல், எல்லா வசதியும் இருந்தது. மருமகனும் நல்லவர். பதினைந்தாம் நாள் அக்கா பெட்டியோடு படியேறி வந்ததைப் பார்த்து நான்தான் கேட்டேன், ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று.

"அங்க எல்லாரும் எங்கிட்ட மெதுவா பேசறாங்க. தாங்க முடியல" என்றார்.

இரண்டு மாதம் மாடியில் மெஷின் ஓடவில்லை. ஜிப் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். நர்ஸ் வந்தபோது கதவைத் திறந்தார், ஆனால் சீட்டுகளை வாங்கிக்கொள்ளவில்லை. "எவ்வளவு பெரிய புண்ணியம் பண்றீங்கக்கா, விட்டுடாதீங்க" என்று நர்ஸ் சொன்னபோது அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"புண்ணியமாவது ஒண்ணாவது. என்கிட்ட உறை கேக்கற ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு நம்பிக்கைய விட்டுட்டுத்தான்மா கேக்கறாங்க. அத நான் ஒக்காந்து லேஸ் வச்சுத் தைக்கறேன்."

நர்ஸ் சீட்டுகளை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவை அங்கேயே கிடந்தன, எட்டோ ஒன்பதோ. ஒரு வாரம் அக்கா அவற்றைத் தொடாமலே அதே மேசையில் சாப்பிட்டார், அவற்றை விட்டுவிட்டே மேசையைத் துடைத்தார். பிறகு ஒரு காலையில் என் கூரை அதிர்ந்தது. நான் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மேலே போனேன். அக்கா ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பொரி வந்துடும். வெயில் ஏறுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் அந்த வீட்டைக் காலி செய்யும் வரையிலும் தைத்துக்கொண்டுதான் இருந்தார். ஜிப் வேலையை நிறுத்திவிட்டார், அந்தப் பொடிப் பல் கண்ணுக்குத் தெரியவில்லை. பெயர் மட்டும் மாறவில்லை. சந்தோஷமாகத் தைத்தார் என்று சொன்னால் பொய். யார், என்ன ஆனார்கள் என்று நர்ஸிடம் ஒருநாளும் கேட்கமாட்டார். சில அளவுகளுக்கு மறுபடி சீட்டு வரும், சிலவற்றுக்கு வராது. வராதவற்றின் காகித அளவுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் கடைசியாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாளைக்குப் பதினான்கு உறை கொடுக்க வேண்டியிருந்தது. பதினொன்று முடிந்திருந்தது. மீதி மூன்றுக்கும் துளை வெட்டிக்கொண்டிருந்தார்.